வரவில்லை என்று போட்ட அக்கா

புலம்பெயர்ந்து வந்த ஹேர்னிங் நகரில் நான் படித்த தொழிற்கல்லூரியில் மாணவர் வரவைக் கணினியில் பதிந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. ஒட்ட வெட்டிய நரைமுடி. மே மாதத்திலும் கழற்றாத கம்பளிச் சட்டை. ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்த பிறகுதான் தட்டுவார். அந்தப் பதிவை வைத்துத்தான் அரசு கல்லூரிக்குப் பணம் கொடுக்கும். ஆள் குறைந்தால் பணமும் குறையும்.

ஊரில் யுத்தம் முடிந்துகொண்டிருந்தது. வன்னியில் அகப்பட்டிருந்த அண்ணனின் அழைப்புக்காக நான் வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். ஒரு நாள் காலை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அக்கா, நான் வந்ததெண்டு போட்டுவிடுங்கோ. கல்லூரிக்கும் நல்லதுதானே.”

“ஓம், கல்லூரி அதிபரும் சந்தோசப்படுவார். ஆனா நான் போடமாட்டன் தம்பி. வராத ஆளை வந்ததெண்டு போட்டால், எங்கை போனாய் எண்டு தேடி ஒருத்தரும் வரமாட்டினம்.”

எனக்குக் கோபம் வந்தது. பட்டென்று வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் சோற்றுச் சட்டியோடு அவரே வந்து கதவைத் தட்டினார்.

“வரேல்லை எண்டு போட்டனான். அதுதான் வந்தனான்.”

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு மேசையில் கிடந்த என் தொலைபேசிக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் எடுத்து வைத்தார்.

“உங்களுக்கும் அங்கை ஆரும் இருக்கினமோ அக்கா?”

“தங்கச்சி.”

அந்த மாதம் ஒரு நாள்கூட அவர் வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

இரண்டு தொலைபேசிகளும் அடிக்காமல் கிடந்தன. அக்காவின் உதடுகள் மட்டும், அலுவலகத்தில் அசைவதைப் போலவே, ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன.