இரண்டு இறக்கிய சுருதி

அந்தப் பியானோத் துண்டு ஒரே ஒரு பக்கம். மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் கண்ணில் முதலில் பட்டவை சுரங்கள் அல்ல, அவற்றின் மேலே இருந்த சொற்கள். இடது மூலையில் 'லெந்தோ', அதாவது மெதுவாக. சுருதி மி மினோரே, மி என்ற சுரத்தை அடியாகக் கொண்டது, என்று மகள் சொன்னாள். பாதி வழியில், சின்னச் சாய்வெழுத்தில், 'வலியோடு' என்று பொருள்படும் இன்னொரு இத்தாலியச் சொல். வாசிப்பவர் தொடங்குமுன்பே வேகத்தையும் சுருதியையும் மனநிலையையும் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் எனக்குப் புதிதாக இருந்தது.

"அப்ப இந்தச் சோகம் எங்கை இருந்து வருது பிள்ளை? மெதுவாப் போறதாலையோ, சுருதியாலையோ?"

"தெரியாது அப்பா. எனக்கு இன்னும் கையே பழகேல்லை."

புரட்டாதியில் அவளுக்கு இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு. இடம் கிடைத்தால் அங்கே படிக்கலாம். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம்தான். ஆசிரியை இந்தத் துண்டைக் கொடுத்துவிட்டு, ஓகஸ்டில் இங்கே பலேர்மோவில் எல்லோரும் செய்வதுபோல, கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டார். நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டு அம்மா, சின்யோராவும் போய்விட்டார். அவர் வீட்டில்தான் பியானோ இருந்தது. ஒரேத்தோப் பகுதியில் எங்கள் வீட்டில் இருப்பது பங்குக் கோயில் பாடகர் குழுவின் கீபோர்ட். அது கிழமை நாட்களில் மகளுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு. ஏற்றி இறக்குவது என் பொறுப்பு.

அந்த ஓகஸ்ட் முழுவதும் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அதையே வாசித்தாள். நான் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டு கேட்பேன். நாளாக ஆக அது இன்னும் மெதுவாகிக்கொண்டே போனது. ஒரு நாள் கைபேசியில் பதிவுசெய்து மன்னாரில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். "ஆரும் செத்துப் போச்சினமோ?" என்று கேட்டு எழுதியிருந்தாள். வலி சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சின்யோரா திரும்பி வந்த கிழமை, மகளைக் கூட்டிவரச் சொன்னார். அவள் பியானோவில் அமர்ந்து தொடங்கினாள். இரண்டாவது வரி முடியவில்லை, நிறுத்தினாள். திரும்பத் தொடங்கி, மீண்டும் அதே இடத்தில் நின்றாள்.

"அப்பா, இது வேறை பாட்டு மாதிரிக் கேக்குது. கை போற இடத்திலை அந்தச் சத்தம் இல்லை."

பியானோவில்தான் பிழை என்று எனக்குப் பட்டது. கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் பூட்டிக் கிடந்த வீடு. அதைச் சொன்னதும் சின்யோரா நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தநாள்தான் ஆள் வந்து சுருதி சேர்த்தானாம். அப்போது தங்கைக்கு அனுப்பிய பதிவு எனக்கு நினைவு வந்தது. அதைப் போட்டேன். அதன் முதல் சுரத்தைச் சின்யோரா பியானோவில் தேடினார். மகள் அழுத்திய கட்டையில் அது இல்லை. இடப்பக்கத்தில், அடுத்த வெள்ளைக் கட்டையில் இருந்தது. வீட்டில் ஒரு படி கீழே, ரே மினோரேயில், வாசிக்கிறாயா என்று அவர் கேட்டார். மகள் இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண் கலங்கிவிட்டது. தேர்வுக்கு ஒரு கிழமைகூட இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மகளோடு பாடகர் குழு மாஸ்டரிடம் போனேன். அவர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இந்தக் கீபோர்ட்டிலை சுருதியை மாத்தினீங்களோ?"

"ஓம். மாதா திருநாளுக்குப் பழக்கத் தொடங்கேக்கை. பாடுற தங்கச்சியாக்கள் எல்லாம் ஊருக்குப் போட்டினம். எங்கடை ஆம்பிளையள் மேலை போனால் ஆடு கத்தின மாதிரி. ரெண்டு அரைச்சுரம் இறக்கி, போட்ட உடனை அப்பிடியே வாற மாதிரி சேவ் பண்ணி விட்டனான். ஏன்?"

"நான் அதிலைதான் சோதினைக்குப் பழகினனான், மாஸ்டர்" என்றாள் மகள்.

அவர் வயரைக் கீழே வைத்தார். "ஆட்டைக் காப்பாத்தப் போய் உன்னை அறுத்துப் போட்டன் போல." ஒரு பொத்தானை இருமுறை தட்டினார். "இப்ப வாசி பாப்பம்."

கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று கேட்டார்கள். அவள் தடுமாறினாள், ஆனால் நிறுத்தவில்லை. எனக்கு ஒரு விஷயம் வியப்பாக இருந்தது. வேகத்தைக் கூட்டு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் துண்டு கொஞ்சம் நடக்கத் தொடங்கியது. பிறகு ஏனென்று கேட்டேன்.

"கீழை இருக்கேக்கை பாரமா இருந்தது. தூக்கி வைக்க நேரம் எடுத்தது."

அது விளக்கமா, உணர்வா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாட்களில் சின்யோரா வீட்டில் அவள் வாசிப்பதைக் கேட்டபோது சோகம் குறைந்திருக்கவில்லை. அழுது முடித்தவர் எழுந்து முகம் கழுவப் போவதுபோல் மட்டும் ஆகியிருந்தது.

தேர்வன்று நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் உடனே தொடங்கவில்லை. நான் கதவில் காதை வைத்தேன். பிறகு வந்தது, சரியான இடத்தில், நடக்கும் வேகத்தில். வெளியே வந்ததும் ஏன் பிந்தினாய் என்று கேட்டேன்.

"மனசுக்குள்ளை பழசு கேட்டுக்கொண்டிருந்தது. அது முடியட்டும் எண்டு இருந்தனான்."

அவளுக்கு இடம் கிடைத்தது. மாஸ்டர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கீபோர்ட்டை என்னிடம் தரும்போது பொத்தானைக் காட்டி, "பூச்சியத்திலை நிக்குது, பாத்துக்கொள்ளுங்கோ" என்கிறார்.

சின்யோரா வீட்டில் தரை துடைக்கும்போது அந்தத் துண்டு என் வாயில் வந்துவிடுகிறது. போன செவ்வாய் முணுமுணுப்பை நிறுத்தாமலே போய்ப் பியானோவில் தேடிப் பார்த்தேன். நான் பாடியது, மகள் அழுத்தும் கட்டைக்கு இடப்பக்கத்து வெள்ளைக் கட்டையில்தான் இருந்தது.