அப்பாவின் முதுமைக்கு நான் போட்ட பட்டியல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. ஆற்றுத் தண்ணீர் எங்கள் கடைமடைப் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. போர்செட் வைத்திருப்பவர்கள் மட்டும் குறுவை நட்டிருந்தார்கள். அப்பாவும் நட்டிருந்தார். நான் சென்னையில் இருந்தேன். தொழிற்சாலை இயந்திரங்களைத் தூரத்திலிருந்தே இயக்குவதற்கான கருவிகளை வடிவமைக்கும் வேலை.

அதற்கு முந்தைய வருடம்தான் அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். நான் ஒரே பெண். அப்பாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. ரத்தக்கொதிப்பு இருந்தது. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு நாள்கூட விடக்கூடாது. என்னோடு சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பத்து மா நிலத்தை விட்டுவிட்டு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து என்ன செய்வது என்றார். பத்து மா என்றால் மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே.

எனக்குத் துக்கம் வந்தால் அழுகை வராது. என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுத ஆரம்பித்துவிடுவேன். மாதா கோயிலில் அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்திருந்தவர்கள் கிளம்பியதும், லேப்டாப்பைத் திறந்து அப்பாவின் வரும் வருடங்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். மருத்துவக் காப்பீடு, பட்டாவில் பெயர் மாற்றம், உயில், குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, ஹாலில் ஒரு கேமரா, மளிகையும் காய்கறியும் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வர ஏற்பாடு, ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டி. இப்படி வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொன்றையும் முடித்து டிக் போடும்போது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது மொபைல் ஸ்டார்ட்டர். போனிலிருந்து ஒரு நம்பருக்கு அடித்தால் வயலில் இருக்கும் மோட்டார் ஓடும், இன்னொரு முறை அடித்தால் நிற்கும். அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு மோட்டார் போட வயலுக்கு நடப்பார். முக்கால் கிலோமீட்டர், அதில் பாதி வரப்பு. அதற்கு முன் ஒருமுறை வரப்பில் சறுக்கி விழுந்திருந்தார். அதனால் நானே விடுமுறையில் வந்து, பேனல் பெட்டியைத் திறந்து, வயர் இழுத்து மாட்டினேன்.

அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் இங்க வரவே வேணாமா?"

"வேணாம்ப்பா. படுத்துக்கிட்டே போடலாம்."

"மடை மாத்தணுமே?"

"அதுக்கு அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"சரி அம்மாடி" என்றார்.

அக்கா என்று நான் சொன்னது, எங்கள் வயலுக்கு நடவுக்கும் களை எடுப்புக்கும் பெண்களைக் கூட்டிவருகிறவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார், அப்பாவை அண்ணன் என்பார். அவர்தான் அன்றைக்கே சொன்னார். "என்ன பாப்பா, அண்ணன வீட்டோட கட்டிப் போட்டுட்ட? இனிமே இந்தக் கொட்டாயில ஒக்காந்து எங்கள அதட்ட ஆளு வேணாமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மோட்டார் கொட்டகை என்ன இடம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தண்ணீர் கொட்டும் தொட்டியில் நான்கு பேர் குளிப்பார்கள். பெண்கள் அங்கேதான் கை கழுவிவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். மாடு ஓட்டிப் போகிறவர் நின்று ஒரு வார்த்தை பேசுவார். அப்பா மோட்டார் போடப் போய்விட்டுப் பத்து மணிக்குத்தான் திரும்புவார். என் கணக்கில் அது தினமும் வீணாகிற நான்கு மணி நேரம்.

பட்டியலை முடிக்கும் சமயத்தில் அப்பாவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். "கல்லறையில அம்மாவுக்குப் பக்கத்துல எனக்கு எடம். கோயில் சாமியார்ட்ட பேசிட்டேன். அதையும் எழுதிக்க." தெளிவாகத் திட்டமிடுகிறாரே என்று நினைத்தேன். எழுதி, எதிரே டிக்கும் போட்டேன்.

சென்னை திரும்பியபின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இடையில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் கேமராவில் பார்ப்பேன். அப்பா ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடாது. தலை கொஞ்சம் குனிந்திருக்கும். காலையில் பார்த்தாலும் அப்படித்தான், மத்தியானம் பார்த்தாலும் அப்படித்தான். விழவில்லை, வெயிலில் அலையவில்லை, பத்திரமாக இருக்கிறார் என்று போனை மூடிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலியான மாத்திரைப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்புவார். பிறகு அதில் அடுத்த வாரத்துக்கு அவரே நிரப்பிக்கொள்வார்.

கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதையும் அவர் நிறுத்திவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அக்கா இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை, "அண்ணன் முகமே சரியில்ல பாப்பா, ஒரு நட வந்துட்டுப் போ" என்றார். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். இரண்டாவது முறை குரலில் கோபம் இருந்தது.

"சட்ட தொளதொளன்னு தொங்குது. கூப்புட்டா ஏன்னு கேக்க மாட்டேங்குறாரு. நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"தினமும் கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா."

"நானுந்தான் தெனமும் காளியம்மா படத்தப் பாக்குறேன். அது எங்கிட்ட என்ன பேசவா செய்யிது?"

எனக்குச் சுருக்கென்றது. இவருக்கென்ன தெரியும் என்றும் தோன்றியது. ஒரு பொது மருத்துவ டாக்டரிடம் அப்பாவைக் காட்ட வேண்டும் என்று பட்டியலில் ஒரு வரி எழுதி, மூன்று வாரம் தள்ளித் தேதி குறித்தேன்.

அதற்கு ஆறாவது நாள் நடந்தது. அன்று புதிய இயந்திரம் ஒன்றை வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டும் வேலை இருந்தது. பத்தரைக்கு ஒருமுறை கேமராவைப் பார்த்தேன். அப்பா நாற்காலியில் இருந்தார். பன்னிரண்டு மணிக்கு இன்னொரு முறை பார்த்தேன். அப்படியே இருந்தார். நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒன்றரைக்கு அக்காவிடமிருந்து போன். அந்த வாரம் மோட்டாருக்குக் கரண்ட் பத்து மணிக்குத்தான் வரும்; அதன் பிறகும் மோட்டார் ஓடவில்லை, இன்னும் கரண்ட் வரவில்லையோ என்று வயலில் காத்திருந்திருக்கிறார். பக்கத்து வயலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்ததும், நட்டு இருபது நாளான பயிரைக் காயப் போடுகிறாரே என்று திட்டுவதற்காகத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்து பார்த்தால் அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் ஒழுகிச் சட்டை நனைந்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"பாப்பா, அண்ணன் பேச மாட்டேங்குறாரு. காருக்குச் சொல்லிட்டேன். நான் கூடப் போறேன். நீ வந்து சேரு."

மயிலாடுதுறையில் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாப் பரிசோதனையும் முடிந்திருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. மறுநாள் காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு ஆனது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். இரவெல்லாம் வராண்டாவில் உட்கார்ந்து கேமராப் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒன்பது நாற்பதுக்கு அப்பாவின் வலது கை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து மெதுவாக நழுவித் தொங்குகிறது. அதன் பிறகு எழவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தொங்கும் கையை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முந்தின நாளின் அப்பாவுக்கும் அன்றைய அப்பாவுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். அதைவிட, அடுத்து அவர் கேட்டதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய எப்ப நிறுத்தினார்? ரத்த டெஸ்ட்டுல அது வேலை செஞ்ச அறிகுறியே இல்ல."

நிறுத்தவே இல்லை என்று சொல்லி, வாராவாரம் வந்த படங்களை வரிசையாகக் காட்டினேன். அவர் இரண்டு படம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது பெட்டி காலியா இருக்கிறதுக்குத்தாம்மா ஆதாரம்" என்றார். கடிந்துகூடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு வேட்டி சட்டை எடுக்க ஊருக்குப் போனேன். கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற வழியில் ஒரு வாழை நிற்கிறது. அதன் அடியில், ஈர மண்ணில், ரோஸ் நிறத்தில் ஏதோ தெரிந்தது. குச்சியால் கிளறினேன். வெள்ளை மாத்திரைகள் கரைந்து மாவு மாதிரி கிடந்தன. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ரோஸ் மாத்திரைகள் மட்டும் ஊறி, வீங்கி, முழுதாக இருந்தன. எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா இறந்தபிறகு நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அக்கா வந்து என் கையிலிருந்த குச்சியை வாங்கித் தூர எறிந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டு வூடு தள்ளி இருக்கேன். நான் மட்டும் என்னத்தக் கண்டேன்" என்றார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கை போய்விட்டது. வலது காலை இழுத்து இழுத்து வைக்கிறார். பேச்சு ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. மாத்திரை பற்றிக் கேட்காமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா அப்படிச் செஞ்சீங்க?"

உதட்டோரத்துக் கஞ்சியை இடது கையால் துடைத்துக்கொண்டார்.

"சாவணும்னு... இல்ல அம்மாடி." கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டார். "முழுங்கி... என்னத்துக்குன்னு... ஆயிடுச்சு."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"நீ... எல்லாம் முடிச்சிட்ட. லிஸ்ட்டுல... மிச்சம்... நாந்தான்."

அவர் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் அவர் செய்வதற்கென்று இருந்த வேலைகளை ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கியது நான்தான். கடைக்குப் போவதை வாங்கிக்கொண்டேன். மோட்டார் போடுவதை வாங்கிக்கொண்டேன். அம்மா போன வீட்டில், ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேச ஆள் கிடைக்கும் இடத்தையும் அடைத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் அன்பால்தான் செய்தேன். அதனால் யாராலும் என்னைத் தடுக்க முடியவில்லை, அப்பாவாலும் முடியவில்லை.

தஞ்சாவூரிலேயே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். "எனக்கென்ன... பைத்தியமா" என்று அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அக்காதான், "பைத்தியமா இருந்தா நான் ஏன் ஒங்ககூட கார்ல வாறேன், நடங்கண்ணே" என்று இழுத்துக்கொண்டு போனார். துணையை இழந்தவர்களுக்கு வருகிற மனச்சோர்வு இது, முற்றிப்போயிருக்கிறது, முன்பே வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அம்மா இறந்த பிறகு அப்பாவின் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பரிசோதித்திருந்தேன். மனம் எப்படி இருக்கிறது என்று சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நான் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும்படி மாற்றிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். மொபைல் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டேன். காலையில் அப்பாவை ஸ்கூட்டியில் வைத்துத் தார் ரோடு முடியும் வரை கொண்டுபோய், அங்கிருந்து தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிறேன். இடது கையால் பச்சைப் பொத்தானை அமுக்குகிறார். பெண்கள் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள், அவர் சொல்கிற பாதி வார்த்தையை அவர்களே முடித்துக்கொள்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். சில நாட்கள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். மாத்திரையைக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். அவர் விழுங்கித் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நான் நகர்வதில்லை, அதை அவரும் கவனிக்கிறார். அது எங்கள் இரண்டு பேருக்குமே அவமானமாகத்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் போனில் எப்படி இருக்கீங்க என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்று கேட்ட மறுநொடியே சொல்லிவிடுவார், நானும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இப்போது அதே கேள்விக்குப் பதில் வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகிறது. அந்த நேரம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இன்னிக்கி... நல்லா இல்ல" என்று அவர் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கிற நாட்களில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை இப்போது என்னிடம் சொல்கிறார் என்பது மட்டும்தான், அப்பா இன்னும் என்னோடு இருக்கிறார் என்பதற்கு நான் நம்புகிற ஒரே அடையாளம்.