பால் வாளியில் மொண்ட தண்ணீர்

ரப்பர் பால் வாளியின் வாசம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புளித்த வாசம்... அதற்குள் மூக்கைக் குத்துகிற ஒரு காரம். மழை நாட்களில் பால் சீக்கிரம் கட்டிவிடும் என்று கங்காணி சின்னப் போத்தலில் அமோனியா கொடுப்பார். அம்மா வாளிக்குள் சில சொட்டு விட்டுக்கொண்டுதான் பால் வெட்டப் போவார். வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற எங்கள் லயத்தில் எல்லா வாசலிலும் அப்படி ஒரு வாளி கவிழ்ந்து கிடக்கும். அதனால் அந்த வாசம் எங்களுக்கு வாசமாகவே தெரியாது.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை இது. நான் அப்போது தரம் எட்டு.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா எம்பிலிப்பிட்டியவுக்கு மாற்றலாகிப் போனபோது, தன் கண்ணாடித் தொட்டியை அப்பாவிடம் ஒப்படைத்தார். உள்ளே ஆறு தங்கமீன்கள். "வீடு கெடச்சதும் வந்து எடுத்துக்கிறேன். பத்திரம்" என்றார். அப்பா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

தங்கச்சி திவ்யாவுக்கு ஆறு வயது. மீன்களுக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளின் பேரை வைத்தாள். அவளைக் கிள்ளுகிற பிள்ளையின் பேர், வால் கிழிந்த மீனுக்கு.

பத்து நாள் ஒன்றுமில்லை. தொட்டி கலங்கியதும் முதல் தடவையாகத் தண்ணீர் மாற்றினேன். வீட்டில் குடிதண்ணீருக்கு ஒரே வாளி. "அதுல மீன் தண்ணிய மொண்ட, வெளக்கமாறு பிஞ்சிரும்" என்று அம்மா சொல்லியிருந்தார். அதனால் பால் வாளியை அலசி, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் பிடித்து வந்து ஊற்றினேன்.

மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் இரத்தச் சிவப்பு. வால் ஒடுங்கிவிட்டது.

குளிர் என்று நினைத்தேன். தொட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தேன். தீனி கூடிவிட்டதோ என்று பட்டினி போட்டேன். உப்புப் போட்டேன். பக்கத்துக் காம்பிரா வீட்டுச் செல்வி அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம புள்ளைக குளிக்கத் தண்ணி இல்ல... இங்க மீனுக்கு வைத்தியமா?"

யட்டியாந்தோட்டை பஜாரில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்கார நானாவிடம் போய்க் கேட்டேன்.

"அழுக்குத் தண்ணிலதான் மகள் மீனுக்கு வருத்தம் வாற. ஒவ்வொரு நாளும் பாதித் தண்ணி மாத்துங்க."

ஒவ்வொரு நாளும் மாற்றினேன். அம்மா பாலைத் தோட்டத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்ததும் அதே வாளியை எடுத்து, ஒரு அலசு அலசி...

ஒன்று செத்தது. அடுத்த நாள் இரண்டு. மாற்ற மாற்ற மோசமானது. ஐந்தாவது மீன் மிதந்த நாளில்தான் தங்கச்சி என் காதுக்குள் சொன்னாள். "அக்கா, நான் அதுகளுக்குக் என் காய்ச்சல் மருந்துப் பாணி ஊத்தினேன். ஒரு மூடிதான். எனக்குச் சொகமாச்சில்ல?"

அதை அப்பாவிடம் சொன்னது நான்தான். காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

"அந்த மனுசன் மூஞ்சில எப்புடி முழிப்பேன்? எந்தக் கையால ஊத்துன?"

அவள் வலது கையை நீட்டினாள். கேட்டதற்குப் பதில் சொல்வதாக நினைத்துத்தான் நீட்டினாள். அப்பா ரப்பர் கம்பால் அந்தக் கையிலேயே அடித்தார்.

மிஞ்சியது ஒரே மீன். அந்த வால் கிழிந்த மீன்தான். அன்று அம்மா இன்னும் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். வாளி இல்லை. ஜாம் போத்தலில் மீனைப் போட்டு, பீலிக்கே கொண்டுபோய் நிரப்பினேன். தினமும் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் அது வாலை விரித்து நீந்தியது. தீனி தின்றது.

அதே பீலி, அதே தண்ணீர். வித்தியாசம் வாளி மட்டும்தான்.

வாசலுக்குப் போய் வாளிக்குள் முகத்தை விட்டு முகர்ந்தேன். அமோனியாக் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். தங்கச்சியின் கையில் தடிப்புகூட இன்னும் வற்றவில்லை. ஆனால் அப்பா கம்பைக் கூரை இடுக்கில் செருகி வைத்திருந்தது தெரிந்தது. அந்த மீன் உயிரோடு இருந்தால் எப்படிப் பிழைத்தது என்று கேட்பார்கள். யாரும் பார்க்காதபோது போத்தலை ஓடையில் கவிழ்த்தேன். அதுவும் செத்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

"அதுவும் நான்தானாக்கா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"ம்" என்றேன்.

கிளாக்கர் ஐயா தொட்டியை எடுக்க வரவேயில்லை. இப்போது அதில் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.

போன மாதம் எங்களுக்கு ஒரு தம்பிப் பாப்பா பிறந்தான். இன்று சாயங்காலம் அம்மா அவனைத் தங்கச்சி மடியில் வைத்துவிட்டுத் துணி எடுக்கத் திரும்பினார். அவள் இடது கையால் மட்டும் பிடித்திருந்தாள். பிள்ளை சரிந்தது. நான் பாய்ந்து பிடிக்காவிட்டால் தலை சிமெந்தில் அடித்திருக்கும்.

"ரெண்டு கையாலயும் புடிக்க மாட்டியாடி எருமை!" என்று அம்மா கத்தினார்.

"அந்தக் கை வேணாம்மா. பாப்பா செத்துரும்."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு விளங்கியது. வீட்டுப் பூனைக்குட்டியை அவள் ஏன் தொடுவதில்லை, எனக்குச் சோறு போட்டால் ஏன் இடது கையால் போடுகிறாள் என்பதெல்லாம்.

அம்மாவின் போனைப் போர்வைக்குள் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். விடிந்ததும் அந்த வாளியை உள்ளே எடுத்து வந்து, அப்பா வீட்டில் இருக்கும்போதே, தங்கச்சியிடம் முகர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கம்பு இப்போதும் கூரையில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

பக்கத்தில் தூங்குகிறாள்... வலது கை தலையணைக்கு அடியில். அன்றைக்கு நான் பயந்தது அப்பாவுக்கு. இன்றைக்கு அந்தப் பயமில்லை. நாளைக்கு நான் எல்லாவற்றையும் சொன்ன பிறகும், அவள் அந்தக் கையை வெளியே எடுக்காமல் இருந்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.