கேட்காமல் வந்த இக்காமா

கொரோனாவில் வளைகுடாவில் நாங்கள் வேலை பார்த்த ஃபர்வானியாவை அடைத்து வைத்திருந்த சமயம். இங்கே தங்குவதற்கான என் இக்காமா முடிய இருபது நாள் இருந்தது. புதுப்பிக்க வேண்டாம் என்று கம்பெனியில் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க. அப்பத்தான் தியேட்டருக்குள்ள போவேன்" என்று பிடிவாதமாக இருந்தாள்.

ஊருக்குப் போகும் சிறப்பு விமானத்தில் இக்காமா முடிந்தவர்களுக்குத்தான் முதல் இடம். அதனால் மற்றவர்கள் பயந்த தேதியை நான் மட்டும் எதிர்பார்த்துக் கிடந்தேன். முருகனிடமும் அதையே வேண்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் மேல்கட்டில் ராமநாதபுரத்துக்காரர் போனைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, கவர்மெண்டே எல்லாருக்கும் இக்காமாவ நீட்டிருச்சு. ஃபைன் மாஃபி, ஒண்ணும் கிடையாது. தானா ஏறிருமாம், நம்ம ஒண்ணும் செய்ய வேணாம்."

அறையே சந்தோஷப்பட்டது. ஒருவர் சேமியா கிளறினார். என் தட்டை நான் காலி செய்தேன். அத்தனை பேர் சந்தோஷத்தை மனசுக்குள் வைதேனே என்று மறுநாள் திருநீறு பூசும்போது கை கூசியது.

எங்கள் தங்குமிடத்தைக் கவனிக்கும் கேம்ப் பாஸ் மலையாளி. போன் போட்டேன்.

"உங்க பேரை விமான லிஸ்டுலேர்ந்து எடுத்தாச்சு சேட்டா. இக்காமா உள்ள ஆளை எப்படி முதல்ல அனுப்பறது?"

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேனே சார்."

"யாரும் கேட்டு வந்ததில்லே. எல்லார்க்கும் தன்னால வந்தது. இருந்துக்கோ."

இரண்டு நாள் வீட்டுக்குப் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்காகக் காத்திருக்காதம்மா. உங்கண்ணன வச்சுப் பண்ணிக்க" என்றேன்.

"கையெழுத்து அண்ணன் போடலாமான்னு கேக்குறேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

ஆபரேஷன் அன்று குளித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கீழே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்காகக் குரலைத் தணித்துக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் மச்சான் கூப்பிட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுது மாப்ள. வெளிய கொண்டாந்துட்டாங்க. அரை மயக்கத்துல உங்களத்தான் கேக்குது. பக்கத்துலதான் நிக்கிறாருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க போன்ல பேசிராதீங்க."

சரி என்றேன். அவர் போனை வைக்காமல் அவள் பக்கத்தில் கொண்டுபோனார். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.