கால் வைக்கும் இடம்

துறைமுகத்தில் அவருக்கு மேல்மாடி என்று பெயர். கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட சிறிய அறையில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பூமியைப் பார்த்தபடியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். "மேல்மாடி காலியா?" என்று கீழேயிருந்து யாராவது வாக்கிடாக்கியில் வம்புக்கு இழுத்தால், "காலிதான், குடிவர்றியா? அட்வான்ஸ் உண்டு" என்பார்.

அந்த வேலையில் முதல் பாடம், ஆள் தலைக்கு மேலே சுமை போகக் கூடாது என்பது. அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பரணிலிருந்து ஒரு பாத்திரம் எடுப்பதென்றால்கூட, கீழே நிற்கும் மனைவியை "தள்ளு, தள்ளு, கூடத்துக்குப் போ" என்று விரட்டிவிட்டுத்தான் கையை நீட்டுவார். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வேறு எவனுடைய கிரேனுக்குக் கீழேயும் அவர் போகமாட்டார். கேண்டீனுக்கு எல்லாரும் நேராக நடக்கும்போது இவர் மட்டும் மதிலை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவார். "மேல உக்காந்திருக்கிறவன் எப்படிப்பட்டவன்னு எனக்கென்ன தெரியும்?"

ஓய்வு பெற்ற பிறகு இதய வால்வு கெட்டது. அப்போது இந்தக் குணம்தான் குறுக்கே வந்து நின்றது. மார்பைத் திறந்து செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை. இவர் நினைவில்லாமல் கீழே கிடக்க வேண்டும், மேலே நின்று யாரோ வேலை செய்வார்கள், இவரால் பார்க்க முடியாது. இரண்டு படி ஏறினால் மூச்சு இரைத்தது. அப்படியும் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். இனியும் தள்ளினால் ஒருநாள் இதயம் தானாக நின்றுவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "அந்தப் படம் வரட்டும், பாத்துட்டு வந்து படுத்துக்கிறேன்" என்றார் இவர்.

அந்தப் படம் என்பது வேற்றுக்கிரக இயந்திர மனிதர்கள் சண்டை போடும் படத்தின் மூன்றாம் பாகம்.

முதல் பாகத்துக்கு அவரை மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கியர்பாக்ஸ் வடிவமைக்கும் எஞ்சினியர். அலுவலகத்தில் இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள், கூட வருவதாகச் சொன்ன தோழி கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டாள். அப்போது அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மேல் வரிசையில் உட்கார்ந்தார்கள். படத்தில் யார்டில் நின்ற ஒரு பழைய ரயில் எஞ்சின் தானாக அசைந்தது. கூரை பிளந்தது. சக்கரங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறித் தோளில் போய் உட்கார்ந்தன. புகைபோக்கி முதுகுத்தண்டாயிற்று. எஞ்சின் எழுந்து நின்றபோது பக்கத்துக் கட்டடங்கள் அதன் இடுப்புக்கு வந்தன. திறந்த வாயை அவர் மூடவில்லை.

"பிரேக் பைப்பெல்லாம் எங்கம்மா போச்சு?"

"உள்ள மடிஞ்சிருக்கும்பா."

"இவ்வளவு எடையும் ரெண்டே கால்ல!"

பிறகு அது நடக்கத் தொடங்கியது. நகரம் சிதறி ஓடியது. தியேட்டரே முகத்தையும் பீரங்கியையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண் பாதத்தை விட்டு நகரவில்லை. ஒரு தெருமுனையில் இரும்புக்கால் உயர்ந்தது. அதற்கு நேர் கீழே ஒருவன் விழுந்து கிடந்தான்.

"ஆள் இருக்கு! நிறுத்து!" என்று கத்திக்கொண்டே எழுந்துவிட்டார். இடதுகை, கிரேனை நிறுத்தும் பிடியைத் தேடிப்போய், அடுத்த இருக்கைக்காரரின் பாப்கார்னைத் தட்டிவிட்டது.

"பெரியவரே, அவனுக்குக் கேக்காது, உக்காருங்க" என்றார் அந்த ஆள், மடியிலிருந்து பாப்கார்னைப் பொறுக்கிக்கொண்டே.

ஆனால் திரையில் அந்தக் கால் இறங்கவில்லை. அந்தரத்தில் நின்றது. ஒரு பக்கம் திரும்பி, இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த வெற்றுத் தரையில் மெதுவாக அமர்ந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். படமெடுத்தவர்களே அதைப் பெரிதாக நினைத்திருக்கமாட்டார்கள். அவர் உட்கார்ந்தார். "பாத்துத்தான் வைக்கிறாரு" என்றார்.

அன்றிலிருந்து அந்த இயந்திரம் அவருக்கு 'அவர்' ஆகிவிட்டது, சில நேரம் 'எஞ்சின்காரர்'. மனைவிக்கு அது பொறுக்கவில்லை. "தகரத்துக்கு எதுக்குங்க இத்தனை மரியாதை? அதுன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"பாக்காம மிதிக்கிற மத்ததெல்லாம் அது. இவர் அவர்தான்."

"என்னை எதுல சேத்திருக்கீங்க?"

"நீ மிதிக்கிறதும் பாத்துத்தான் மிதிக்கிற."

இரண்டாம் பாகத்துக்கு அவளும் வந்தாள். முடிவில் எஞ்சின்காரர் கடலுக்குள் சாய்ந்தார். நீர் மூடிய பிறகும் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. விளக்குகள் எரிந்தபின்னும் இவர் எழுந்திருக்கவில்லை. "செத்துட்டாரா?" என்றார். "அடுத்த பாகத்துல தெரியும்பா" என்றாள் மகள். அந்த இடைவெளியில்தான் வால்வு கெட்டது.

மூன்றாம் பாகம் வெளியாவதற்கு முந்தின வாரத்தில் டாக்டர் தேதி குறித்தார்.

"ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாமா டாக்டர்?"

"ஏன், வீட்டுல ஏதாவது விசேஷமா?"

"படம் ரிலீஸ்."

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள். கடைசியில், ஒரு வாரத்தில் நிலைமை பெரிதாக மாறாது, ஆனால் படி ஏறவே கூடாது, அதற்குப் பிறகு சாக்குச் சொல்லவும் கூடாது என்று டாக்டர் இறங்கிவந்தார்.

வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த அம்மாவிடம் மகள் வெடித்தாள். "சினிமாவுக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடற ஆளை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியாம்மா?"

"அவருக்குச் சினிமா சாக்குடி" என்றாள் அம்மா. "படுக்கப் பயம். இந்தப் படம் முடிஞ்சா அடுத்த சாக்குக்கு எங்க போவாருன்னு பாக்கறேன்."

அவர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

படி ஏறக் கூடாது என்பதால் வாசலை ஒட்டிய முதல் வரிசையில்தான் இடம். பகல் காட்சி. கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய இருக்கை என்று யாரும் எடுக்காத வரிசை, அவர்கள் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். திரை சுவராக எழுந்து நின்றது.

கடல் பிளந்து எஞ்சின்காரர் எழுந்தபோது இவர் அண்ணாந்தார். இன்னும் அண்ணாந்தார். பாதம், முழங்கால், பாசி தொங்கும் இடுப்பு, அதற்கும் மேலே எங்கோ மேகத்தில் முகம். அத்தனை பெரிய இரும்பை இவர் வாழ்நாள் முழுக்க ஓட்டியிருந்தார். அது அசையும்போது கீழே நின்று ஒருநாளும் பார்த்ததில்லை. மேலேயிருந்து பார்த்தால் மனிதர்கள் மஞ்சள் தலைக்கவசங்கள்தான், சிறிய பொத்தான்கள்.

"அம்மாடி" என்றார். மூச்சே அப்படித்தான் வந்தது.

கடைசிக் காட்சியில் ஒரு பாலம் சரிந்தது. எஞ்சின்காரர் அதன் அடியில் புகுந்து தோள் கொடுத்து நின்றார். ஊர் முழுவதும் அவர் கால்களுக்கு இடையே நடந்து தப்பியது. ஓடவில்லை, நடந்தது. கைக்குழந்தையோடு போன ஒருத்தி மட்டும் நின்று, மேலே பார்த்தாள். பயமில்லாமல் பார்த்தாள். பிறகு அவளும் நடந்தாள். கடைசி ஆள் கடந்தபோது எஞ்சின்காரரின் கண் விளக்குகள் அணைந்தன. பாலம் விழவில்லை. அவர் அப்படியே தூணாகிப்போனார்.

மகள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அழுகிறாரோ என்று நினைத்தாள். அழவில்லை. வியந்துபோய் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பொண்ணு எப்படிம்மா நடந்தா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார். துறைமுகத்தில் கீழே நின்று அவருக்குச் சைகை காட்டிய சிக்னல்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் அவருக்குப் பழக்கம். வீடே கேட்டது.

"என்ன மேல்மாடி, உயிரோட இருக்கியா?"

"ஒண்ணு கேக்கணும். நான் எறக்கும்போது கீழ நிப்பியே, உனக்குப் பயமா இருக்காதா?"

"இப்ப வந்து கேக்கறான் பாரு. முதல் நாள் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீ எறக்குற விதம் தெரிஞ்சுபோச்சு. பயந்துகிட்டே நின்னா கை நடுங்கும்யா. கை நடுங்கினா நீ எதைப் பாத்து எறக்குவ?"

தன்னுடைய ஜாக்கிரதையால்தான் கீழே இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். அவர்கள் அங்கே நிற்கச் சம்மதித்ததால்தான் தன்னால் வேலை செய்ய முடிந்தது என்பது அந்தக் கூடத்தில், செருப்புக் காலோடு நின்றபோதுதான் அவருக்கு எட்டியது.

"நீ பெரிய ஆளுய்யா" என்றார்.

"போனை வை. உடம்பு சரியில்லன்னு தெரியுது."

மனைவியிடம் திரும்பினார். "பையை எடுத்து வை. போய்ப் படுத்துக்கிறேன்."

அறுவைக்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை. யார் கையும் தவறவில்லை. புதிய வால்வு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அறுவைக்காக நிறுத்திய பழைய இதயம்தான் மறுபடி ஓட மறுத்தது. அந்த ஒரு வாரம் தள்ளாமல் இருந்திருந்தால் என்று மகள் கேட்டாள். வித்தியாசம் இருந்திருக்காது என்றார் டாக்டர். அவள் இன்னொரு முறையும் கேட்டாள். அதே பதில்.

அன்று காலை உள்ளே நடந்ததை அவளுக்குச் சொன்னது நர்ஸ்.

ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்ததும், விளக்கு கூசும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று அந்த நர்ஸ் சொன்னாளாம். "வேணாம்மா, பாக்கணும்" என்றாராம். பிறகு, "இங்க யார் பேச்சை யார் கேக்கறது?" என்று விசாரித்தாராம்.

"எல்லாரும் இருக்கோம் ஐயா."

"எல்லாரும் சொன்னா ஆகாது. ஒருத்தர் சொல்லணும், மத்தவங்க கேக்கணும்."

முகமூடிக்குப் பின்னாலிருந்து டாக்டர் சிரித்தாராம். "நான்தான் சொல்லுவேன்."

"அப்ப சரி."

கூரையில் இருந்த பெரிய விளக்கை ஒருவர் பிடித்துக் கீழே இழுத்தார். அதன் இரும்புக்கை முதலில் தோளிலும் பிறகு முழங்கையிலும் மடங்கி, சத்தமில்லாமல் அவர் மார்புக்கு நேரே வந்து நின்றது. மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு பதமா எறக்கறீங்க" என்றாராம்.