காகோயா வளர்த்த சுவர்

டொரோரோ ஆராய்ச்சி நிலையத்துக்குக் காகோயா முதன்முதலாக வந்தபோது, கணவன் திபென்கானாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நிலையத்து வண்டியை ஓட்டியவன் நான். ஏரிக்கரையிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். திபென்கானா வழி முழுக்கத் தூங்கினான். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது மட்டும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "விஷம் வச்சவதானே நீ" என்றான். எனக்குக் கேட்டுவிட்டதோ என்று அவள் முன்கண்ணாடியில் பார்த்தாள். நான் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்புவரை அவனைப் போல வாயாடி மீனவன் அந்தக் கரையிலேயே கிடையாது. படகு தெரிவதற்கு முன்பே அவன் குரல் கரைக்கு வந்துவிடும். பிறகு காய்ச்சல் வந்தது. பக்கத்து ஊர் மருந்தகத்தில் மூன்று முறை மலேரியா மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் போய்ப் போய் வந்தது. அப்புறம் பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் நடை, தொட்டதற்கெல்லாம் கோபம். சோற்றில் ஏதோ கலந்துவிட்டாள் என்று மாமியார் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அதையே அவனும் பிடித்துக்கொண்டான். ஒரு நாள் துடுப்பை எடுத்து அவளை அடித்தான். இடது மணிக்கட்டு முறிந்தது. சரியாகக் கட்டுப் போடாததால் இன்றும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது.

நிலையத்தில் அவன் முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அதில் ஈ கடித்துப் பரவும் தூக்க நோய்க் கிருமிகள் நெளிந்தன.

"ரத்தத்தோட நின்னிருந்தா லேசான ஊசியோட போயிருக்கும். இது மூளைக்குத் தாண்டிடுச்சு" என்றார் டாக்டர் ஒத்தியெனோ.

நரம்பை எரிக்கிற ஆர்செனிக் ஊசிதான் வழி. அந்த ஊசியாலேயே சிலர் இறந்துபோவதுண்டு. திபென்கானா பிழைத்தான். கிளம்பும் நாளில் டாக்டர் அவளிடம் சொன்னார்: "நோய்ல இருந்தப்ப நடந்தது எதுவும் அவருக்குப் பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. நீங்களும் கிளறாதீங்க." அவள் கிளறவில்லை.

ஆனால் ஊருக்குப் போனவன் பழைய ஆள் இல்லை. கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் பேச்சு கிடையாது. அவளை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தான். எங்கள் பக்கத்தில் மாமியாரிடம் பேசும்போது ஆண்கள் அப்படித்தான் மரியாதைப் பன்மையில், தள்ளி நின்று பேசுவார்கள். பெண்டாட்டியிடம் எவனும் அப்படிப் பேசமாட்டான். சாப்பிட்டு முடித்ததும் "நன்றி" என்பான். "இருபது வருஷம் என் சமையலத் திட்டிக்கிட்டே சாப்பிட்ட மனுஷன்பா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். "இப்ப நன்றி சொல்றாரு. எனக்குத் தட்டத் தூக்கி எறியலாம் போல இருக்கு."

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவனைப் பரிசோதனைக்குக் கூட்டிவருவாள். இரண்டு வருடம் அப்படி வந்து போனதில், அங்கே கண்ணாடிக் கருவிகள் கழுவும் வேலை அவளுக்குக் கிடைத்தது. டொரோரோவில் ஓர் அறை எடுத்தார்கள். அங்கே எங்கள் மொழி பேச அவர்களை விட்டால் நான் ஒருவன்தான். மகள் நாங்கோபி கல்யாணமாகி கம்பாலாவுக்குப் போய்விட்டாள். காகோயாவின் வலது கை நடுங்காத கை. அதைக் கவனித்த டாக்டர் அவளைச் செல் வளர்க்கப் பழக்கினார்.

மூளைக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் அவை. உறையவைத்த சின்னக் குப்பியில் வரும். சல்லடை மாதிரியான மெல்லிய தாளின் மேல் அவற்றைப் பரப்பி, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இளஞ்சிவப்பு ஊட்ட நீர் மாற்ற வேண்டும். ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. பத்து நாளில் செல்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டு சுவராகிவிடும்.

"இந்தச் சுவரத்தான் கிருமி உடைக்குதா?" என்று ஒருநாள் டாக்டரிடம் கேட்டாள்.

"உடைக்கறதில்ல, காகோயாம்மா. ஏமாத்துது. கிருமி கக்குற ஏதோ ஒண்ணு பட்டதும் செல்லோட மேல்தோல்ல இருக்கற கால்சியம் வாசலுங்க திறந்துக்குது. வெளியில இருக்கற கால்சியம் உள்ள பாயுது. உடனே செல்லு சுருங்குது. பக்கத்துச் செல்லைப் பிடிச்சிருந்த பிடி தளருது. அந்த இடுக்குல கிருமி நுழைஞ்சிடுது. இப்படித்தான்னு நான் நினைக்கறேன். நிரூபிக்கணும்."

"அப்ப அந்த வாசல அடைச்சுட்டா?"

"அதத்தான் பாக்கப் போறோம்."

"ஏற்கெனவே கிருமி உள்ள போயி, மருந்துல செத்து, ஆளையும் மாத்திட்டுப் போயிருந்தா?"

"அதுக்கு இது உதவாது" என்றார் டாக்டர்.

அவள் தலையாட்டிவிட்டு நீர் மாற்றப் போனாள்.

திபென்கானா பிழைத்த ஒன்பதாவது வருடம், ஈஸ்டர் விடுமுறையில் டாக்டர் வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். செல்கள் அவர் வரும்வரை காத்திருக்காது. "நீங்களே செஞ்சிடுங்க. அவ்வளவும் உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். புனித வெள்ளிக்கிழமை காலை நான் அவளை வாசலில் இறக்கிவிட்டேன். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை.

நான்கு வரிசைக் கிண்ணங்கள். முதல் வரிசையில் கிருமியே இல்லை. இரண்டாவதில் கிருமி மட்டும். மூன்றாவதில் ரத்தக் கொதிப்புக்காரர்கள் சாப்பிடும் மாத்திரை வகையைச் சேர்ந்த ஒரு மருந்து. அது ஒருவிதக் கால்சியம் வாசலை அடைக்கும். நான்காவதில் வேறுவித வாசலை அடைக்கிற மருந்து. சுவருக்கு மேலே கிருமிகளை விட்டு, சில மணி நேரம் கழித்துக் கீழே எத்தனை இறங்கியிருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும்.

இரண்டாவது வரிசையில் நாற்பதுக்கு மேல். மூன்றாவதிலும் அதே கணக்கு. அந்த மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. நான்காவதின் முதல் கிண்ணத்தில் மூன்று. அடுத்ததில் ஐந்து. கடைசியில் நான்கு. கண் தவறியிருக்கும் என்று திரும்ப எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். சுவர் தளராமல் நின்றுவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். நடைவழிக்கு வந்து நின்றாள். எல்லாக் கதவுகளும் பூட்டியிருந்தன. திரும்ப உள்ளே போய், யாரும் இல்லாத அறையில் எங்கள் மொழியில் சத்தமாக, "தாண்டல" என்று சொல்லிப் பார்த்தாளாம். தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது என்றாள்.

அவள் வீட்டுக்குப் போனபோது மதிய வெயில் இன்னும் இறங்கவில்லை. திபென்கானா கதவோரம் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்து ஆண்கள் அதற்காக அவனைக் கேலி செய்வார்கள். அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், வாசல், கால்சியம், சுருங்கும் செல், மூன்று, ஐந்து, நான்கு. அவன் சீவுவதை நிறுத்தாமல் கேட்டான்.

"நல்லது" என்றான். பிறகு, "எனக்கு அது எப்பத் திறந்துச்சு?" என்று கேட்டான்.

"யாருக்குத் தெரியும், நாங்கோபி அப்பா? அந்த மலேரியா மாத்திரைக்கு அலைஞ்சோமே, அந்த நாள்லதான் இருக்கும்."

"அப்ப, நான் துடுப்ப எடுத்தப்ப திறந்தேதான் இருந்திருக்கு."

"உங்களுக்கு அது ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. எலும்பு முறிஞ்ச சத்தம்கூட." கத்தியைக் கீழே வைத்தான். "உங்கள அடிச்சது நான்தான்னு தெரியும். ஆனா அது நான்தானான்னு தெரியல. இத யாருகிட்ட கேக்கறது?"

"இத்தன வருஷம் ஏன் வாயத் திறக்கல?"

"நீங்களும் கேக்கலையே."

ஒன்பது வருடம் இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தார்கள். அவனுடைய மரியாதையை நோய் விட்டுப்போன சேதம் என்று அவள் நினைத்திருந்தாள். அது வெட்கம். அவள் அழவில்லை. வளைந்த மணிக்கட்டை அவன் பக்கமாக நீட்டினாள். அவன் பார்த்தான், தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியை எடுத்துத் திரும்பவும் சீவத் தொடங்கினான். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னான்.

டாக்டர் திரும்பி வந்ததும் அதே சோதனையை இன்னும் மூன்று தடவை செய்யச் சொன்னார். இரண்டு தடவை சுவர் நின்றது. ஒரு தடவை, ஏனென்று தெரியவில்லை, பாதிக்கு மேல் கிருமிகள் இறங்கிவிட்டன. "கிண்ணத்துல நிக்கறது வேற, ஆள்கிட்ட நிக்கறது வேற. இது மருந்தாக இன்னும் எவ்வளவோ தூரம்" என்றார் டாக்டர். கட்டுரை வெளிவந்தது. அதன் கடைசியில் நன்றி வரியில் அவள் பெயர் ஓர் எழுத்துத் தப்பாக அச்சாகியிருந்தது. அவள் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் திபென்கானா அவளோடு வண்டியில் ஏறினான். அவள் அவனை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள். நான் கதவருகே நின்றேன். அவன் வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

"இதுதானா?"

"இதுதான்."

"குஞ்சு மீன்கூடத் தப்பாத இவ்ளோ நெருக்கமான வலைய எங்க ஆளுங்க ஏரியில போட்டிருந்தா மீன்துறை அதிகாரி பிடிச்சு எரிச்சிருப்பான்" என்றான்.

பழைய வாயாடியின் பேச்சு அது; அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அவன் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். அவளுக்கு நீர் மாற்றும் நாள் அது, உடன் வர முடியாது. நான் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது.