மூடி வைக்கக் கூடாத ஃபிரிட்ஜ்

எங்கள் கம்பெனி சாம்பிள் ரூமில் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதற்குள் ஒன்றும் கிடையாது. கரண்டும் கிடையாது. ஆனால் அதை மூடக் கூடாது. நாலாக மடித்த பனியன் துணியை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகி, ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தே வைத்திருக்க வேண்டும். புதிதாக வருகிற ஆள் யாராவது, பாவம் நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அந்தத் துணியை உருவிவிட்டு மூடியை அழுத்திச் சாத்திவிட்டுப் போவான். நான் போய் மறுபடி திறந்து செருகுவேன். திருப்பூருக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ வேலை பார்த்தாயிற்று. சும்மா இருக்கிற ஃபிரிட்ஜுக்குக் காவல் இருப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற என் ஊர்க்காரர்களுக்கு விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது வீட்டு ஃபிரிட்ஜ் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி அளவுதான் இருக்கும், மூடி மேலே திறக்கும். கார் ஓடும்போது காரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்திவிட்டால், கூடவே வருகிற தனி பேட்டரிப் பெட்டியில் ஓடும். எங்கள் ஓனர் பெருமாநல்லூர்க்காரர். காடு தோட்டம் வைத்திருந்த குடும்பம், இப்போது அந்தக் காட்டிலேயே கம்பெனி. வருஷத்துக்கு மூன்று நாலு தடவை பெண்டு பிள்ளைகளோடு டென்டையும் இந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவார். மாடி வீட்டைப் பூட்டிவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, துணிக் கூடாரத்துக்குள் நெருக்கியடித்துப் படுக்க! இங்கே திருப்பூர் மண்ணரையில் லைன் வீட்டு ஒற்றை அறையில் நாலு பேர் படுக்கிற எங்களுக்கு, இதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போகணும் என்று இருக்கும். ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வண்டி கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். கூட்டிப் போனால் குறைந்தா போய்விடுவார்கள்?

பெட்டி முதல் தடவை என் கைக்கு வந்தபோது நான் செய்த கூத்தைக் கேளுங்கள். நான் பேக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ். ஒரு பொருளைப் பத்திரமாக வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எக்ஸ்போர்ட் வழிதான். துடைத்தேன், பெரிய பாலிபேக்கில் நுழைத்தேன், உள்ளே கைப்பிடி அளவு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டேன், காற்றை அமுக்கி எடுத்துவிட்டு டேப் ஒட்டி, அட்டைப் பெட்டிக்குள் இறக்கி, மேலே ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறியும் போட்டேன். ஜெர்மனிக்கே அனுப்பலாம், அப்படி ஒரு பேக்கிங். இரண்டு மாதம் கழித்து ஓனரம்மா முன்னால் பெருமையாகப் பிரித்தால், உள்ளே கறுப்புக் கறுப்பாகப் பூசணம்! மூடி ரப்பர் மடிப்பில் தங்கியிருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் வேலையைக் காட்டிவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசியிருப்பார்கள், அத்தோடு முடிந்திருக்கும். ஓனரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “பரவால்லீங்க சூசை, இனிமே தொறந்தே வெச்சுக்கலாமுங்க” என்றார். அந்த ‘பரவால்லீங்க’வில் எவ்வளவு கோபம் என்று இன்றுவரை எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்ட விதத்தை ஒருவரும் குறை சொல்ல முடியாது. வண்டி திரும்பி வந்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவுவேன். ரப்பர் மடிப்பைக் காது குடைகிற மாதிரி துணி சுற்றித் துடைப்பேன். ஒரு பகல் முழுக்க வாயைத் திறந்து காயவிடுவேன். இந்த ஊர்க் காற்றில் பறக்கிற பஞ்சு, பெட்டியின் பக்கவாட்டுச் சல்லடையில் போய் அடைந்துகொள்ளும். அதைத் தையல் மிஷின் பிரஷ்ஷால் தட்டி எடுப்பேன். பேட்டரிப் பெட்டியை உடனே சார்ஜ் போட்டு, அதன் பிறகு மாதம் ஒரு முறை மறக்காமல் போடுவேன். விட்டால் அது செத்துவிடும். என் பிள்ளைகளின் ஸ்கூல் பையைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை என்று என் வீட்டுக்காரி ஏசுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் மனோஜ் வந்து சேர்ந்தான். அயர்னிங் டேபிள் ஆள், ஜார்க்கண்ட் பக்கம், முப்பது வயது, ஊரில் ஒரு பெண்குழந்தை. வந்து நாலே வருஷம். கேளுங்கள், இருபத்திரண்டு வருஷமாகியும் நான் வாயைத் திறந்தால், “தூத்துக்குடிப் பக்கமுங்களா?” என்று டீக்கடையில் கேட்டுவிடுகிறார்கள். அவன் என்னடாவென்றால் ‘ஆமாங்க, இல்லீங்க, ஊட்டுக்குப் போறனுங்க’ என்று இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் போல் பேசுகிறான்! ஓனரம்மா என்னை ‘சூசை’ என்பார். அவனை ‘கண்ணு’ என்பார். சப்பாத்தி நன்றாகப் போடுவான், டென்ட் கட்டத் தெரிந்துகொண்டான் என்று போன வருஷத்திலிருந்து அவனைக் கூடவே கூட்டிப் போக ஆரம்பித்தார்கள். கழுவித் துடைத்துக் காயவைக்க நான், வண்டியில் ஏறி உட்கார அவன். அவன் முதுகைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஓனர் என்னைக் கூப்பிட்டு, “ஏனுங்க சூசை, உங்க ஊர்க் கடலப் பத்தி அத்தன சொல்லுவீங்களே, இந்தத் தடவ அங்கதான் போலாமுன்னு இருக்கறமுங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ டயத்தில் வாயடித்ததற்கு இப்படி ஒரு பலன்! உடனே என் அக்கா ஜெபமாலைக்குப் போன் போட்டேன். வீட்டுக்குப் பின்னாலேயே மணல், அங்கேயே டென்ட் போடலாம், ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து ஃபிரிட்ஜை வீட்டு பிளக்கில் மாட்டிக்கொள்ளலாம் என்று எல்லாம் பேசி முடித்தேன். ஓனரிடம், “நானும் கூட வரட்டுமா?” என்று கேட்டேன். “அதுக்கென்னுங்க, பாத்துக்கலாமுங்க” என்றார். நம் ஊரில் அப்படிச் சொன்னால் வா என்று அர்த்தம். நான் பை அடுக்கிவிட்டேன். அக்காவுக்குப் பிடித்த ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வரச் சொல்லி ஓர் ஆளிடம் சொல்லிவைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இவர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், “திங்கக்கெழம சிப்மெண்ட் போகோணுமுங்க. நீங்க இல்லாட்டி பேக்கிங் யாருங்க பாக்கறது? மனோஜு வர்றானுங்க” என்றார். பாராட்டுகிறாராம்! நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

என் கடற்கரைக்கு, என் அக்கா வீட்டுக்கு, அவன் போகிறான். நான் போய் மூன்று வருஷம் ஆகிறது.

இனி சொல்லப்போவதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த மாதம் பேட்டரிப் பெட்டிக்கு நான் சார்ஜ் போடவில்லை. மறக்கவில்லை. சார்ஜரைக் கையில் எடுத்தேன், மனோஜ் ஐஸ் தண்ணீர் குடிக்க நான் ஏன் மெனக்கெடணும் என்று திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். வழியில் எங்கேயாவது அவன் முழிக்கட்டும், சூசை இருந்தால் இப்படி ஆகுமா என்று நாலு பேர் சொல்லட்டும். இதுதான் என் புத்தி. வண்டியில் ஏற்றும்போது மனோஜ், “பேட்டரி ஃபுல்லுங்களாண்ணா?” என்று கேட்டான். “ஃபுல்லு” என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் போட்டோ அனுப்பினான். எங்கள் ஊர் வீட்டு நடுக்கூடத்தில், நான் எப்போதும் சாய்ந்து உட்காருகிற சுவரோரம், கால் மடக்கி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறான். அக்கா குனிந்து குழம்பு ஊற்றுகிறாள். அடுத்து ஒரு வீடியோ, கடலில் கால் நனைத்துக்கொண்டு, “அண்ணா, உங்க கடலுங்கண்ணா!” என்று கத்துகிறான். பிறந்ததிலிருந்து கடல் பார்த்திராதவன். நான் சிப்மெண்ட் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பார்த்தேன். சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். “ஏல சூசை, அந்தப் பய எம்புட்டு நல்ல பயல! தட்ட அவனே கழுவி வச்சாம்ல. ஒனக்குப் பாறை மீன் மசால் தடவி டப்பால போட்டுருக்கேன். பேரு எழுதி ஒட்டிருக்கேன். அந்தப் பெட்டில ஐஸ் மாரி இருக்குமாமே, கெடாதாமே” என்றாள். மீனை அந்தப் பெட்டியில் வைக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வண்டி எங்கும் நிற்காமல் வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வண்டி நின்றது. மதுரையில் கோயில், அதன் பிறகு ஓனரம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் விருந்து. ஞாயிறு காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை வெயிலில் நின்றது. பேட்டரியில் இருந்த கொஞ்சநஞ்சமும் முதல் மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். திங்கட்கிழமை காலை பெட்டி சாம்பிள் ரூமுக்கு வந்தது. திறந்தேன். தண்ணீர் பாட்டில்களுக்கு அடியில் ஒரு வெள்ளை டப்பா, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி அக்காவின் கோணல் கையெழுத்தில் ‘சூசைக்கு’. திறக்காமலே தெரிந்துவிட்டது. கடற்கரையில் பிறந்தவனுக்கு மீன் கெட்டதைச் சொல்ல மூக்கு ஒன்று போதும். கொண்டுபோய்ப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தேன். டப்பாவைப் போட மனசு வரவில்லை, கழுவி வைத்துக்கொண்டேன்.

ஓனரம்மா வந்து, “அச்சோ, உங்களுக்குன்னு ஆசையா குடுத்துட்டாங்களேங்க” என்றார். எனக்கு முன்னால் மனோஜ் வாயைத் திறந்துவிட்டான். “நான்தானுங்கக்கா ஒயரு செரியா மாட்டல” என்றான். அவர் போன பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். “பேட்டரில சார்ஜே இல்லீங்கண்ணா. சிப்மெண்ட் டென்சன்ல மறந்துருப்பீங்க. அவங்க கேட்டா உங்களத்தான் வைவாங்கன்னு நான் ஏத்துக்கிட்டனுங்க.” அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான். பாழாய்ப் போனவன், நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டானே என்று அப்போதும் பொறாமைதான் வந்தது. ‘மறக்கவில்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் தையல் பிரஷ்ஷை எடுத்துச் சல்லடையைத் தட்ட ஆரம்பித்துவிட்டான்.

அவன் தட்டிக்கொண்டிருக்கும்போதே அக்காவிடமிருந்து போன். “மீனு எப்பிடில இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுக்கா. முள்ளுகூட மிச்சம் வைக்கல.”

“அந்தப் பயலுக்கு ஒரு துண்டு குடுத்தியா?”

மனோஜ் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் கேட்டது.

“குடுத்தேன்க்கா” என்றேன்.

அவன் குனிந்து பஞ்சைத் தட்டினான்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. பேட்டரியை அன்றைக்கே சார்ஜ் போட்டுவிட்டேன். பெட்டியை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து, பனியன் துணியைச் செருகி, வழக்கம்போல ஒரு விரல் அளவு திறந்து வைத்திருக்கிறேன். அந்த இடுக்கு வழியாக இன்னும் வாடை வருகிறது. ஓனரம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, “போயிருச்சுங்களா சூசை?” என்று கேட்கிறார். “இன்னுங் கொஞ்சம் இருக்குங்க” என்கிறேன். கெட்டுப்போன மீன் நாற்றம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கடல் மீன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மனோஜும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஆப்ப சோடா வைத்தால் இரண்டே நாளில் வாடை போய்விடும் என்று அவனுக்கும் தெரியும். சோடா டப்பா அவன் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவனும் எடுக்கவில்லை.